பித்தளைப் பின்

எஞ்சின் இல்லாத வண்டியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிற வரைக்கும், என்னைப் போன்ற ட்ரெய்லர் வெல்டருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும்.

சாத்தூர் ரோட்டில் எனக்கு ஒரு பட்டறை. லோடு ஏற்றுகிற ட்ரெய்லரில் நீங்கள் எப்போதாவது ஆளாக ஏறிப் போயிருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். பள்ளம் வரும்போது உட்கார்ந்த இடம் ஒன்று, விழுகிற இடம் இன்னொன்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்லப் போவதெல்லாம் ஒரே ஒரு ட்ரெய்லரைப் பற்றித்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் இருபது பேரைத் தினமும் பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த ட்ரெய்லர் அது. அந்த இருபது பேரில் என் பெண்டாட்டி பேச்சியம்மாளும் ஒருத்தி.

பெஞ்சு வைத்த கதை

தீபாவளி சீசன் சூடு பிடிக்கிற நேரத்தில் கம்பெனி வேன் படுத்துவிட்டது. போர்மேன் சங்கரலிங்கம் ஒரு டிராக்டரையும், அதுவரை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ட்ரெய்லரையும் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பக்கமும் பெஞ்சு, மேலே தார்ப்பாய்க்குக் கம்பி, பின்னால் ஏணி. சாயங்காலமே வேண்டும் என்றார். பெஞ்சுக் காலைச் சுற்றிவர வெல்டு அடிக்க நேரமில்லை. நாலு மூலையிலும் ஒரு பொட்டு மட்டும் வைத்து ஒட்டினேன். எங்கள் தொழிலில் அதற்கு டாக் அடிப்பது என்று பெயர். பொருள் நகராமல் நிற்பதற்காக வைக்கிற பொட்டு அது, ஆள் உட்காருவதற்கு அல்ல. "சீசன் முடிஞ்சதும் கொண்டாங்க, முழு வெல்டு அடிச்சுத் தாறேன்" என்று சொல்லி வைத்தேன். அந்த இடத்தை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

ட்ரெய்லருக்குத் தனியாக பிரேக் இல்லையே, ஆள் ஏற்றுகிற வண்டியாயிற்றே என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முன்னாடி டிராக்டர்ல பிரேக்கு இருக்குல்ல அண்ணாச்சி, அது நின்னா இது நிக்கப்போகுது."

சந்தனத்துக்குக் கீழே

ஆயுத பூஜைக்குக் கம்பெனியிலிருந்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே ட்ரெய்லரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். இழுக்கிற கம்பி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். தொட்டுக் கும்பிடுவதுபோலக் குனிந்தவன், கை சும்மா இருக்காமல் சந்தனத்தை விரலால் வழித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ஜாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அதன்மேல் போன வருஷத்து பெயிண்ட், அதற்கும் மேல் இந்த வருஷத்து பெயிண்ட். வருஷா வருஷம் மூடி மூடிக் கும்பிட்டிருக்கிறார்கள்.

டயரிலும் ரப்பர் போய் நூல் தெரிந்தது. இது ஒரு நாள் பிய்த்துக்கொண்டு போகும், ஆள் ஏற்றாதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெள்ளை வேட்டியில் கற்பூரத் தட்டோடு நின்ற போர்மேனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா பேசுவீக, போயி வாயக் களுவிட்டு வந்து பொரியத் தின்னுங்க."

பித்தளை

ஆனாலும் பத்து நாள் கழித்து அந்த வெடிப்பை அடைக்க வண்டி வந்தது. டிரைவர் முனியாண்டி டிராக்டரைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். டிராக்டரையும் ட்ரெய்லரையும் கோத்து நிற்கிற முளை, நாங்கள் பின் என்போம், மஞ்சளாக மின்னியது. கையில் எடுத்தால் பித்தளை! பின் விட்டுப்போனாலும் வண்டி போய்விடாமல் பிடிக்க ஒரு செயின் கிடக்கும், அதையும் காணோம். அந்த இடத்தில் நைலான் கயிறு.

சங்கரலிங்கத்தைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் நினைக்காதீர்கள். கேட்டில் நின்று ஒவ்வொரு பெண்ணின் கொண்டையையும் பார்த்து, இரும்பு ஊசி இருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார். செருப்பை வெளியே விடச் சொல்வார். வெடிமருந்து அறைப் பக்கம் இரும்புச் சாமானே கிடையாது. டிராக்டர் சைலன்சருக்குப் பொறி தட்டாமல் வலைக்கூண்டு போட்டிருந்தார். இரும்புப் பின் இரும்புக் கொக்கியில் உரசினால் பொறி வரும், செயின் தரையில் இழுபட்டால் பொறி வரும் என்று யோசித்து, கடைசல் பட்டறையில் சொல்லிப் பித்தளையில் பின் கடைந்து வாங்கியிருக்கிறார். பித்தளையில் பொறி வராது, வாஸ்தவம். ஆனால் இருபது பேர் பாரத்தை அது எத்தனை நாள் தாங்கும்?

நான் வெடிப்பை அடைத்து, இரும்புப் பின்னும் செயினும் போட்டு அனுப்பினேன். மறுநாளே இரண்டும் சாக்கில் சுற்றித் திரும்பி வந்தன. நேரே போய் நின்றேன். ட்ரெய்லரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், பெண்கள் உள்ளே நடந்து போகட்டும், இரும்புப் பின்னே இருக்கட்டும் என்றேன். கேட்டிலிருந்து அறைகளுக்கு அரை மைல், வெயிலில் நடந்து வந்தால் பாதி வேலை போய்விடும் என்றார். மேலே பேசினேன். கையை நீட்டி நிறுத்தினார்.

"நெருப்ப வச்சுப் பொளைக்கிற ஆளு நீங்க, நெருப்பு வந்துறாமப் பொளைக்கிற ஆளுக நாங்க, எங்களுக்கு நீங்க பாடம் எடுக்காதீக."

வீட்டில்

பேச்சியிடம் நாளையிலிருந்து அதில் ஏறாதே என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை, நடந்து போனால் கேட்டைச் சாத்திவிடுவார்கள், மற்ற பத்தொன்பது பேரும் மனுஷி இல்லையா என்று அடுக்கினாள். கடைசியாகத் தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க வெல்டு வச்ச வண்டிதான, அத நம்பாம வேற எத நம்ப?"

கண்மாய் மேடு

சீசன் முடிந்தது. ட்ரெய்லரும் முழு வெல்டுக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. தை மாதம் ஒரு காலையில் கண்மாய்க்கரை மேட்டில் டிராக்டர் ஏறியது, ட்ரெய்லர் ஏறவில்லை. கரும்பை வெட்டினதுபோல பித்தளைப் பின் இரண்டு துண்டு. கயிறு எப்போது அறுந்தது என்றே யாருக்கும் தெரியாது. முன்னால் போன டிராக்டரில் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது, அதனால் டிராக்டர் நின்றது. ட்ரெய்லர் பின்னாலேயே உருண்டு, கரையை விட்டு இறங்கி, வேலிக்கருவைப் புதரில் மோதிச் சாய்ந்தது.

நான் போய்ச் சேரும்போது எல்லோரும் முள்ளும் ரத்தமுமாக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பெரிய அடி ஒரே ஒருத்திக்குத்தான். பெஞ்சு பெயர்ந்து, அதன்மேல் ஆறு பேர் விழுந்து, அந்தப் பாரமெல்லாம் பேச்சியின் வலது பாதத்தில் இறங்கியிருந்தது. புதருக்குள் கிடந்த பெஞ்சை நான் புரட்டிப் பார்த்தேன். நாலு மூலையிலும் நாலு பொட்டு, சுத்தமாக விட்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போர்மேனைத் திட்டித் தீர்த்தேன். பித்தளை, பித்தளை என்று வார்டே கேட்கக் கத்தினேன். பேச்சி கண்ணைத் திறக்காமல் கேட்டாள்:

"பின்னு அவரு போட்டது, சரி, பெஞ்சு யாரு வச்சது?"

ஆப்பிளும் ஹார்லிக்ஸும்

மூன்றாம் நாள் சங்கரலிங்கம் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, நடிப்பு இல்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்த என் தோளில் கை வைத்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்:

"அம்புட்டு வேகத்துல போயி மோதியும் ஒரு பொறி பறக்கல, பாத்தீகளா அண்ணாச்சி."

முழு வெல்டு

ட்ரெய்லர் மறுபடி என் பட்டறைக்கே வந்தது. பெஞ்சுக் காலைச் சுற்றிவர முழு வெல்டு அடித்தேன். டயரை மாற்றாமல் விடமாட்டேன் என்று நின்று மாற்ற வைத்தேன். கடைசியில் இரும்புப் பின்னைச் சொருகி, அதன் தலையைக் கொக்கியோடு சேர்த்து ஒட்டினேன், செயினையும் அப்படியே. இனிக் கழற்ற வேண்டுமென்றால் கேஸ் வைத்துத்தான் அறுக்க வேண்டும். அதற்கு நெருப்பு வேண்டும். நெருப்பைக் கொண்டுபோய் அந்த வண்டிக்கு வைக்கச் சொல்ல சங்கரலிங்கத்துக்கு வாய் வராது என்பது எனக்குத் தெரியும். அவருடைய சட்டப்படியே இரும்புப் பின் உள்ளே வரக்கூடாது. அதனால் ட்ரெய்லர் இப்போது கேட்டுக்கு வெளியே நிற்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று நாலு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பேச்சி மறுபடி வேலைக்குப் போனாள். வலது கால் முழுசாக ஊன்றாது. முதல் நாள் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பின்ன ஒட்டுனீக, நல்லதுதான், கேட்லருந்து அரை மைலு இந்தக் கால இளுத்துக்கிட்டு நடக்குறது நாந்தான."

இத்தனை வருஷ வெல்டிங்கில் நான் கற்றது இவ்வளவுதான்: முழு வெல்டு அடிக்க நேரமில்லாத எனக்கு, ஆஸ்பத்திரி பெஞ்சில் இருபது நாள் உட்கார நேரம் இருந்தது.