போத்தலைக் கொட்டினாலும் போகாத முள்

கிண்ணியாவுக்குப் போக நினைக்கும் வாசகி ஒருவர், "அங்கே பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?" என்று போன கிழமை எழுதிக் கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா, இருக்கிறது. நான் 1975இல் ஒரு சனிக்கிழமை அங்கே போனது கடற்பஞ்சு எடுத்துவர. அப்போது திருகோணமலை நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ரோஸ்கோப். திங்கட்கிழமை வரவிருந்த கல்வி அதிகாரி, அது அலுமாரிக்குள் சும்மா தூங்குகிறது, ஆண்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார். தூங்குகிறதாம்! வைத்துப் பார்க்க ஒரு துரும்பும் அனுப்பாதவர்கள் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலை ஆறேகால் பஸ். பாலையூற்று, சீனன்குடா தாண்டிப் பன்னிரண்டு மைல் சொச்சம். கட்டணம் ஒரு ரூபாய்க்குள் அடங்கியது. அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. ஊரார் 'பாதை' என்று சொல்லும் தட்டையான மிதவையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும்.

கரையில் என் மாணவி மைமூனாவின் வாப்பா காசிம் வலை உதறிக்கொண்டு நின்றார். வலையில் சிக்கிய செம்மஞ்சள் கடற்பஞ்சுகளைத் தடியால் தட்டித் தட்டி எறிந்தார்.

"இந்தச் சனியன் என்னத்துக்கு டீச்சர்? கை பட்டா ரெண்டு நாளைக்குச் சொறியும்."

"அந்தச் சொறிதான் எனக்கு வேணும்."

"அல்லாவே! மீன் கேட்டு வந்த ஆக்களக் கண்டிருக்கன். சொறி கேட்டு வந்த ஆள இண்டைக்குத்தான் காணுறன்" என்று சிரித்தபடி, உமல் என்கிற ஓலைப் பை ஒன்றில் போட்டுத் தந்தார்.

கடற்பஞ்சுக்கு எலும்பு இல்லை. நான் தேடிப்போன வகையின் உடம்பைத் தாங்குபவை, கண்ணாடி எதனால் ஆனதோ அதனாலேயே ஆன நுண்முட்கள். அவை தோலில் ஏறினால் சொறியும். சூரியனின் விளிம்பிலும் முள் முள்ளாக நெருப்புத் தாரைகள் எழுகின்றன; இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர், ஸ்பிக்யூல். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மைல் உயரம் போய்ச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "ஒண்டையாவது கண்ணால காட்டுங்கோ டீச்சர்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் உமல் சொட்டி, பக்கத்து ஆள் உடுத்திருந்த சாரம் நனைந்துவிட்டது. அவர் முறைத்த முறைப்பில், பஞ்சை, கரையில் கடல்நீர் நிரப்பி வைத்திருந்த அகன்ற வாய்ப் போத்தலுக்கு மாற்றி, ஈர உமலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

சீனன்குடாவில் பஸ்ஸை மறித்தார்கள். பக்கத்தில் தடைசெய்யப்பட்ட பகுதி, ஆகவே சோதனை.

"மே மொகத?" இது என்னவென்று கேட்டார் ஒரு காக்கிச் சட்டைக்காரர்.

"கடற்பஞ்சு. பள்ளிக்கூடத்துக்கு. கிண்ணியாவில எடுத்தனான், உங்கட பக்கம் ஒண்டும் தொடேல்ல."

"கொண்டு போக ஏலாது."

"ஏன் ஏலாது? எந்தச் சட்டத்தில கிடக்கு?"

அவர் போத்தலை வாங்கித் திறந்தார். போத்தலுக்குள் விரலை விட்டார். "கை வையாதேங்கோ, சொறியும்" என்றேன். கேட்டால்தானே! ஐந்து விரலாலும் பிசைந்து, மண்ணில் கொட்டி, சப்பாத்தால் மிதித்தார். போத்தலைத் திருப்பித் தரும்வரை நான் பஸ்ஸில் ஏற மறுத்து நின்றேன். கொண்டக்டர் கெஞ்சினார். நான் அசையவில்லை. கடைசியில் காக்கிச் சட்டைக்காரர் அதை நீட்டினார்.

வெறும் போத்தலோடு உட்கார்ந்தபோது அழுகை முட்டியது. நுணுக்குக்காட்டி போச்சு, பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பேன்? பாலையூற்று வந்தபோது கக்கம் சொறியத் தொடங்கியது. கோதாரி, இது வேறா என்று சொறிந்தவள் அப்படியே நிறுத்தினேன். உமல்! முள் உமலிலே இருக்கிறது!

வீட்டில் உமலை ஒரு பேசின் தண்ணீரில் அலசி, கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளை அதில் கரைத்து, சதை கரைந்து முள் மட்டும் மிஞ்சட்டும் என்று ஞாயிறு முழுக்க ஊறவிட்டேன். மேல்நீரை வடித்து, அடியில் தங்கியதைத் திங்கட்கிழமை விடியப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, ஓலைத் துகள்களுக்கு நடுவே கண்ணாடி ஊசிகள்! தனியாக நின்று கைதட்டினேன்.

மணியடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதிகாரியும் குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும், "வடிவாத்தான் இருக்கு. எண்டாலும் பொம்பிளைப் பிள்ளையளுக்கு உது என்னத்துக்கு? பொடியன்மாருக்கு எண்டால் பிரயோசனப்படும்" என்றார்.

மைமூனா எழுந்தாள். "சேர், சூரியனிலயும் இப்பிடி முள்ளு இருக்காம். அதையும் பொடியன்மாருட பள்ளிக்கூடத்துக்கு மாத்தப் போறீங்களா?"

வகுப்பே சிரித்தது. நான் அவளை அதட்டவில்லை. அதட்டவும் மாட்டேன். அதிகாரி பைலை மூடிக்கொண்டு போனார். நான் அங்கே படிப்பித்த காலம் முழுக்க நுணுக்குக்காட்டி மேசையிலேயே இருந்தது.

இனிப் போகிறவர்களுக்கு: இப்போது பாலம் இருக்கிறது, பாதைக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. கடற்பஞ்சைக் கையால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் தேய்க்காமல், பிளாஸ்டரை ஒட்டி உரித்து முள்ளை எடுங்கள். கடலில் எதையும் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். கேட்டு எடுத்ததை யாராவது மண்ணில் கொட்டினால், வெறும் போத்தலையும் விட்டுக்கொடுக்காதீர்கள், உமலை உதறாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். என்னைத் தடுத்தவருக்கு அன்று ஒரு கை நிறைய முள் கிடைத்திருக்கும். எனக்கு ஒரு துளி போதுமாக இருந்தது.