தங்கை ஊரைக் கூட்டிய சடங்கு

திருநின்றவூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் இப்போது எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆவடிக்குக் குடிவந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவ்வப்போது போய்விடுவேன். போனால் நாலு வீட்டில் காபி குடிக்காமல் திரும்ப முடியாது. வயிறு கெட்டாலும் குடிப்பேன். அந்தத் தெருப் பெண்கள் என் தங்கையின் கர்ப்பப்பையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள். அவர்களைக் கேட்டால், "நாங்க இன்னாத்த பண்ணோம், சாப்டத்தானே வந்தோம்" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

தங்கை எனக்கு ஆறு வயது இளையவள். பிறந்தபோது சீக்கிரம் அழவில்லை. பேச்சு தாமதம், நடை தாமதம். புத்தி மெதுவாக ஓடும். ஓடாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எந்தப் புடவையில் வந்தார்கள், பந்தியில் அப்பளம் நொறுங்கியிருந்ததா இல்லையா என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கும். கூட்டல் கழித்தல் மட்டும் ஏறாது. எனக்கும் அது சுமார்தான், ஆனால் என்னை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை.

அப்பா இல்லை. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். காலை ரயிலில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். தங்கை காலையில் சிறப்புப் பள்ளிக்கு வேனில் போய் மதியம் வந்துவிடுவாள். மிச்ச நேரத்துக்கு எதிர் வீட்டு அக்கா ஒரு கண் வைத்துக்கொள்வார்.

அவள் வயதுக்கு வந்ததை அம்மா யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இது சாதாரண விஷயமில்லை. பெண் பெரியவளானால் தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்து, மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர்வரிசையோடு மேளம் கொட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் தயாராகிறாள் என்று ஊருக்குச் சொல்வதுதான் அதன் அர்த்தம். அம்மா அதைத்தான் சொல்ல விரும்பவில்லை. டிவியில் வரும் செய்திகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. எவனாவது சாக்லேட்டைக் காட்டிக் கூட்டிப்போனால் இவள் போய்விடுவாள், வயிற்றில் ஒன்று வந்து நின்றால் என்ன செய்வது என்பதே அவருக்கு எந்நேரமும் யோசனை. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பயத்துக்கு வழி சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி, பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். "ஒரேடியா கர்ப்பப்பையை எடுத்துடலாம்க்கா. மாசா மாசம் தொல்லை இல்ல, நாளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமும் இல்ல. இவளுக்குப் பொறந்தாலும் இவள மாதிரியேதானே பொறக்கும்" என்றார். தெரிந்த நர்சிங் ஹோமில் பேசியும் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் கூட்டிவந்து சேர்த்தால் டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டுத் திங்கள் காலையில் செய்துவிடுவார்களாம்.

நான் கத்தினேன். அவளுக்கு ஒரு நோயும் இல்லையே, நல்ல உறுப்பை எதற்கு அறுக்க வேண்டும் என்று கேட்டேன். "நீ காலேஜுக்குப் போயிடுவே. கறை தோய்க்கிறது உங்கம்மாதானே?" என்றார் மாமா. அம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என் பேச்சு எடுபடவில்லை.

தங்கையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த சிக்கல். ஆஸ்பத்திரி என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டாள். அதற்கு முந்தைய வருஷம் மாமா மகளுக்கு வானகரத்தில் ஒரு மண்டபத்தில் சடங்கு நடந்தது. மாமா மகளை ஊஞ்சலில் உட்கார வைத்துப் படம் எடுத்ததிலிருந்து "எனக்கு எப்போ, எனக்கு எப்போ" என்று இவள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம உனக்கு சடங்கு. காலையில குளிச்சிட்டு ரெடியா இருக்கணும், ஒண்ணும் சாப்பிடக் கூடாது" என்று சொல்லிவைத்தார்.

சடங்கு என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று என் தங்கைக்குத் தெரியும். அழைக்க வேண்டும். அம்மாவோடு எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறாள்! அம்மா வேலைக்கும் நான் கல்லூரிக்கும் போயிருந்த ஒரு மதியம், எவர்சில்வர் தட்டில் குங்குமச் சிமிழும் கற்கண்டும் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வெற்றிலை பாக்குக்குப் பதில் துளசிச் செடியில் பறித்த இலை. ஒரு வீட்டையும் விடவில்லை. "எனக்கு சடங்கு. ஞாயித்துக்கெழம காலையில. குடும்பத்தோட வரணும். சாப்ட்டுத்தான் போணும்" என்று எல்லோரிடமும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். டூவீலர் மெக்கானிக்குக்கும் குங்குமம் கொடுத்திருக்கிறாள். அவர் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாராம்.

இதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? அம்மா நேரில் வந்து கூப்பிடவில்லையே என்று சிலருக்கு மனத்தாங்கல் மட்டும் இருந்திருக்கிறது.

ஞாயிறு காலை ஆஸ்பத்திரிப் பை கட்டிலின் மேல் தயாராக இருந்தது. நைட்டி, துண்டு, ஃபிளாஸ்க். தங்கை பொங்கலுக்கு எடுத்த பாவாடை சட்டையில், பவுடர் அப்பிய முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாமா ஆட்டோவோடு வந்து இறங்கினார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எதிர் வீட்டு அக்கா தட்டும் கையுமாக உள்ளே நுழைந்தார். தட்டில் பூ, பழம், கண்ணாடி வளையல். பின்னாலேயே உளுந்து, நல்லெண்ணெய், புட்டு என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு. வாசலில் செருப்புகள் குவிந்தன.

"இன்னாம்மா, பொண்ணு பெரியவளானத கூட சொல்லாம மூடி வெச்சிகினு கீறே? அதுவே வந்து கூப்ட்டுது பாரு, அதுக்குக் கீற மரியாத உனக்கு இல்லியே" என்றார் அக்கா. பிறகு மாமாவைப் பார்த்தார். "தோ மாமங்காரரும் வந்துட்டாரே. எங்கண்ணாத்தே சீரு? வெறுங்கைய வீசிகினு வந்துகீறே?"

மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார். கடையில் ஆணிக்குப் பேரம் பேசுபவர்களை வாயடைக்க வைக்கிற மனுஷன், கழற்றிய ஒற்றைச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு அத்தனை கவலையிலும் சிரிப்பு வந்தது. தங்கை எழுந்து எல்லோரையும் "வாங்க வாங்க" என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

வந்தவர்களுக்குப் போட வீட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பெண்கள் சமையலறைக்குள் புகுந்துவிட்டார்கள். ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தி அண்டா. அக்கா இடம் பண்ணுவதற்காகக் கட்டிலிலிருந்த பையைத் தூக்கினார். "இது இன்னாத்துக்கு? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

அம்மாவால் அதற்குமேல் முடியவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழுதார். மாமா சொன்னதையெல்லாம் அவர்களிடம் சொன்னார். எவனாவது ஏமாற்றிவிடுவான் என்ற பயத்தையும், இவளுக்குப் பிறப்பதும் இவளைப் போலவே பிறக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

யாரும் அம்மாவைத் திட்டவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்களைக் கும்பிடுகிறேன். அரிசியை அடுப்பில் ஏற்றினார்கள். பிறகு அவரவர் கதை வெளியே வந்தது. மூன்றாம் வீட்டு அம்மா, "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன நானாத்தான் கேட்டுப் பண்ணிக்கினேன். அத்தோட வுட்டுது தொல்ல, ராணி மாதிரி கீறேன்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை. "என்னை எவ கேட்டா? ரெண்டாவது பொறந்த கையோட அந்த டேபிள்லயே பண்ணிட்டாங்க. பொறந்தது ஒரு மாசங்கூட தங்கல. அப்புறம் எங்க போயி நான் பெத்துக்கறது?" என்றார். இத்தனை வருஷம் எதிர் வீட்டில் இருந்தும் அது எங்களுக்குத் தெரியாது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ பொறந்து மூச்சு வுடவே நேரமாச்சி. நான் மயக்கத்துல கெடந்தேன். அவர வெளிய கூப்ட்டு, 'அடுத்ததும் இப்டியே பொறந்தா இன்னா பண்ணுவே'ன்னு கேட்டு கையெழுத்து வாங்கிட்டாங்க. தையல் பிரிக்கும்போதுதான் எனக்கே தெரியும்" என்றார். அடுத்து ஒரு பூண்டை எடுத்தவர், உரிக்காமல் வைத்திருந்தார். "எனக்குச் சொன்ன அதே பேச்சத்தானே நான் இவளுக்குச் சொல்லிகினு கீறேன்" என்றார்.

எழுந்து வாசலுக்குப் போனார். "தம்பி, ஆட்டோவ அனுப்பிடு. இல்லன்னா அதுலயே போயி ஒரு பட்டுப் பாவாட எடுத்துகினு வா" என்றார். மாமா ஏறி உட்கார்ந்தார். ஆவடி மார்க்கெட்டிலிருந்து பாவாடை, மாலை, ஒரு கூடை ஸ்வீட் எல்லாம் வந்தன. ஆட்டோ டிரைவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மாமா மேல் எனக்கிருந்த கோபம் ஆற நெடுநாள் ஆனது. ஆனால் அவர் எடுத்துவந்த அந்தக் கருநீலப் பாவாடை நன்றாகவே இருந்தது.

பிற்பாடு வேலைக்குப் போகும் ரயிலில் செல்போனில் நிறையப் படித்தேன். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகச் சட்டம் போட்டு, என் தங்கை மாதிரிப் பெண்களுக்குக் கருத்தடை செய்திருக்கிறார்கள். ஜெர்மனி அதை இன்னும் மூர்க்கமாகச் செய்தது. ஸ்வீடன், ஜப்பான் என்று நல்ல பேர் எடுத்த தேசங்களும் பல பத்தாண்டுகள் செய்திருக்கின்றன. ஜப்பானில் வயதாகிப்போன பெண்கள் கோர்ட்டுக்குப் போய் அரசாங்கத்தை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனாலும் மகாராஷ்டிரத்தில் அரசு நடத்திய ஒரு விடுதியில், சுத்தத்துக்காக என்று சொல்லி, இப்படிப்பட்ட பெண்களின் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். சட்டம் போட்ட இடத்திலெல்லாம் படித்தவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான், இவர்களுக்குப் பிறப்பதும் இப்படியே பிறக்கும். என் மாமா பத்தாவது ஃபெயில். இதில் ஒரு வரிகூடப் படித்தவரில்லை. அந்த வாக்கியம் எப்படியோ பூந்தமல்லி ஹார்டுவேர் கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் பெண்களுக்கெல்லாம் இப்படி ஒரு தெரு வாய்க்கவில்லை. என் தங்கைக்கு வாய்த்தது. அம்மா பயந்த கறை, துணி எல்லாவற்றையும் எதிர் வீட்டு அக்கா சில மாதங்களில் அவளுக்குப் பழக்கிவிட்டார். இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள். அந்த நாட்களில் என்னை டீ போடச் சொல்லி அதிகாரம் வேறு செய்வாள். போட்டுக் கொடுப்பேன்.

சடங்கன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, அம்மா அவள் தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டிருந்தார். கை வேலையை நிறுத்தாமல், அவளிடம் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உனக்குக் குழந்த வேணுமா கண்ணு?"

தங்கை கையிலிருந்த கண்ணாடி வளையல்களை ஏற்றி இறக்கி நன்றாக யோசித்தாள்.

"இப்ப வேணாம்மா. அப்புறமா வேணும்னா நானே சொல்றேன்" என்றாள்.

"சரி, நீயே சொல்லு" என்றார் அம்மா.