குருசுக்குப்பத்தில் ஜோனாவின் கிதார்

1958, பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. விழுப்புரத்தில் ரயிலேறி, இருபத்துநாலு மைல் கடந்து புதுச்சேரியில் இறங்கியபோது மணி ஒன்பதரை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தும் எனக்குக் கிதார் என்றால் பைத்தியம். அமெரிக்கக் கிதார் இசைத்தட்டு ஒன்று புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருப்பதாக நண்பர் எழுதியிருந்தார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

ரிக்‌ஷாவுக்கு எட்டணா. நண்பர் எழுதிய முகவரியைக் காட்டினேன். "சொல்தா அந்துவான் வூடுதானே? அவர் சம்சாரம் செத்த நாளு இன்னிக்கு. பாட்டுப்பெட்டி போடுவாரு, போங்க" என்றார் ரிக்‌ஷாக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள்.

பத்து மணி. கோயிலில் பூசை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார் அந்துவான். மனைவி மரி, நண்பர் ஜோனா இருவருக்கும் சேர்த்து ஒரே பூசையாம். ஜோனா, பருத்திக் காட்டில் ஏர் ஓட்டிய கறுப்பு அமெரிக்கர். யுத்தத்தில் பிரான்சின் மர்செய் துறைமுகத்துக்கு வந்து, அங்கே அந்துவானோடு பழகியவர். ஊர் திரும்பிய சில வருஷங்களில் இறந்துபோனார்.

"அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது மிசியே. சுண்டுவெரல்ல ஒடஞ்ச பாட்டில் கழுத்த மாட்டிக்கினு வாசிப்பான். ரெண்டு பேரு வாசிக்கிறாப்ல இருக்கும். பாத்தா அவன் ஒருத்தந்தான்! கப்பலேறும்போது அவனே பாடுன இந்தத் தட்டைக் குடுத்தான்."

பிறகு தயங்கிக் கேட்டார்: "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒம்பது வருஷமா இதைப் போட்டுத்தான் மரிய நெனைச்சி அழுவுறேன். செத்துப்போன பொண்டாட்டியத்தானே பாடறான்? நீங்க கேட்டுச் சொல்லணும்."

ஊசி வைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடிக்கம்பி தன்பாட்டுக்கு நடக்க, மேல்கம்பி மனிதக் குரலில் அழுதது. இரண்டே கை இதையெல்லாம் செய்யுமா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறந்தான் வார்த்தைகள் காதில் விழுந்தன. செத்தது மனைவி இல்லை, ஏர் உழுத கோவேறு கழுதை!

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"கழுதைக்கா?" என்றார். பிறகு மறுபடி ஊசியை வைத்தார். 'நாளை விடிந்தால் நான் யாரோடு' என்று வந்த குரல் பாதியில் நின்றது. மிச்சத்தைக் கிதார் பாடியது.

"இங்க என்னா சொல்றான்?"

"இங்கே வார்த்தையே இல்லைங்க. கிதார் மட்டுந்தான்."

"நான் அழுவுறது இந்த எடத்துலதான்" என்றார். அழவும் செய்தார்.

மாலை ரயிலில் எனக்கு ஒரே வெட்கம். வார்த்தை காதில் விழுந்த நிமிஷமே நான் கிதாரைக் கேட்பதை விட்டுவிட்டேனே.