ஓய்வு கொடுத்த சர்வர்

கணபதி பகுதியில் நான் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் எல்லா இயந்திரமும் நிற்கும். லேத்திலிருந்து கேன்டீன் கிரைண்டர் வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் வரும்வரை யாரும் தொடக்கூடாது. கருவிக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி.

ஒன்று மட்டும் நின்றதில்லை. கம்ப்யூட்டர் அறையில் என் பொறுப்பில் இருந்த சர்வர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காகிதத்தில் வரைந்த பழைய டிராயிங்குகளைக் கரையான் தின்ற பிறகு, முதலாளி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லிவிட்டார். தொழிற்சாலை செய்த ஒவ்வொரு பம்பின் டிராயிங்கும் அதற்குள்தான் இருந்தது.

“இது கெட்டுப்போச்சுன்னா என்னங்க அம்மணி பண்ணுவீங்க?” என்று வாங்கும்போதே அவர் கேட்டார்.

“உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருக்குதுங்க சார். ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் பதிஞ்சிரும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குமுங்க” என்றேன்.

விற்ற கம்பெனியின் இன்ஜினியர் எனக்குச் சொன்னதையே நான் அவருக்குச் சொன்னேன். இருந்தாலும் சொன்ன வாய் என்னுடையது. டேப்பில் தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கலாமே என்று பிறகு எழுதியும் கொடுத்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் என்பதால், வந்த நாளிலிருந்து சில வருஷமாக அந்த சர்வர் அணைந்ததே இல்லை. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். ஆபீஸுக்குள் நுழைந்ததும் சர்வரின் இரைச்சல் காதில் விழுகிறதா என்று பார்ப்பதும் அதே பயத்தில்தான்.

அந்த வருஷம் பூஜைக்கு எல்லோரும் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தபோது, லேத் பிரிவு ஃபோர்மேன் வாசலில் நின்று சிரித்தார்.

“ஏனுங்கம்மணி, எங்க லேத்துக்கெல்லாம் லீவு. உங்க பொட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் ஒரு நாள் மூச்சு உட வேண்டாமுங்களா?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. “அதுவும் நாயந்தானுங்க. நிறுத்திப் போடுங்க அம்மணி, சாமி காரியம்” என்றார்.

எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணம் இல்லை. கையேட்டிலேயே நிறுத்தும் முறை இருந்தது. அதன்படி ஒவ்வொன்றாகச் செய்து நிறுத்தினேன். அறை திடீரென்று அமைதியானது. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனம் வைத்தேன்.

மறுநாள் காலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பூசணிக்காய் உடைத்து, லேத்துகளை ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டு, கற்பூரத் தட்டோடு எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். மின்விசிறி ஓடியது, பச்சை விளக்கு எரிந்தது. அதற்கடுத்து வரவேண்டியது டிஸ்குகள் சுழன்று வேகமெடுக்கும் சத்தம். அது வரவில்லை. டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்து நின்றது.

“என்னங்க அம்மணி?”

“ஒரு நிமிசமுங்க சார்.”

அணைத்துப் போட்டேன். மறுபடி அதே எழுத்து. ஒரு டிஸ்க் போகும் என்று நான் எத்தனையோ முறை நினைத்துப் பயந்திருக்கிறேன். இரண்டும் ஒரே காலையில் போகும் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. தட்டில் கற்பூரம் அணைந்தது.

“நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க…” என்றார் ஃபோர்மேன். 

சர்வர் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் பூஜைக்காக மேட்டுப்பாளையத்தில் தன் வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய பக்கத்து வீட்டு போனில் பிடித்தேன்.

“ஆஃப் பண்ணினீங்களா? ஏனுங்க மேடம் அதைப் போய் ஆஃப் பண்ணினீங்க?” என்று கத்தியவர், “இருங்க, வாரேன்” என்று வைத்துவிட்டார்.

பஸ் பிடித்து வந்து, பெட்டியைத் திறந்துகொண்டே விளக்கினார். டிஸ்குக்குள் ஒரு தகடு சுழலும். அதைப் படிக்கும் முனை, தகட்டைத் தொடாமல் அதன்மேல் மிதக்கும். தகடு நின்றால் முனை அதன்மேல் உட்கார்ந்துவிடும். வருஷக்கணக்கில் சூட்டிலேயே ஓடிய டிஸ்க் ஒரு நாள் முழுக்க ஆறினால், முனை தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மோட்டாரால் இழுக்க முடியாது.

“ரெண்டுமா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணா வந்து, ஒரே நாள்ல பூட்டுனது, ஒரே சூட்டுல ஓடுனது. ஒட்டறதும் ஒண்ணாத்தானுங்க ஒட்டும்.”

 இரண்டு இருக்கிறது என்று இத்தனை நாள் தைரியமாக இருந்தேனே, அந்த இரண்டும் ஒன்றேதானா?

ஒரு டிஸ்கைக் கழற்றிக் கையில் எடுத்தவர், திருப்புளியின் கைப்பிடியால் அதன் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். நான் அலறியே விட்டேன்.

“அடிச்சா வருமுங்களா? அதென்ன எருமைங்களா?” என்றார் ஃபோர்மேன்.

“ஒட்டுனது உடணுமுங்க. செல சமயம் வந்துரும்.”

கரண்ட் கொடுத்தார். உள்ளே கண்ணாடியில் ஆணி கீறுவது போல ஒரு சத்தம். சட்டென்று வயரைப் பிடுங்கினார். தகட்டையே முனை கீறிவிட்டது, இதில் இனி ஒன்றும் இல்லை என்றார். முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

இன்னொரு டிஸ்க் மேஜைமேல் கிடந்தது. இன்ஜினியர் அதைத் தொடவில்லை.

“இதுவும் போச்சுன்னா எல்லாம் போச்சுங்க. வெளியூருக்கு அனுப்பித் தொறந்து பார்க்கலாம், கெடைக்குமான்னு சொல்ல முடியாது. நீங்க சொல்லாம நான் கை வைக்க மாட்டனுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். “அம்மணி, நீங்க சொல்லுங்க.”

வீட்டில் குழந்தைக்குச் சளி மருந்து கொடுக்கக்கூட மூன்று பேரைக் கேட்பவள் நான். அனுப்பலாம் என்று வாயெடுத்தேன். வழியில் குலுங்கினால்? இங்கேயே பார்ப்போம் என்று நினைத்தேன். அந்தக் கீறல் சத்தம் மறுபடி வந்தால்?

“ஆறுனதால ஒட்டுச்சுன்னா, கொஞ்சம் சூடு பண்ணினா உடாதுங்களா?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “பண்ணலாமுங்க. மெதுவாத்தான் பண்ணணும்.”

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவளுக்கென்று கொண்டுவந்த துண்டில் டிஸ்கைச் சுற்றி, ஓடிச் சூடாக இருந்த ஒரு மானிட்டரின் தலைமேல் வைத்தேன். காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். பழைய வெதுவெதுப்பு வந்ததும் எடுத்துக் கொடுத்தேன்.

“தட்ட வேண்டாமுங்க. சும்மா திருப்பி மட்டும் பாருங்க.”

அவர் வயரை மாட்டி, கரண்ட் கொடுத்து, டிஸ்கைப் படுக்கையாகப் பிடித்து, உள்ளே தகடு விடுபடட்டும் என்று மணிக்கட்டைச் சட்டென்று திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை திருப்பினார். உள்ளே முனகல் மாதிரி ஏதோ எழுந்தது. அது ஏறி, ஏறி, எனக்குப் பழகிய இரைச்சலாக நின்றது. 

“ஆரும் மேசையைத் தொடாதீங்க” என்றார் இன்ஜினியர்.

டிராயிங்குகளை வரைபவர்களின் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துப் பிரித்து நகல் எடுத்தோம். சாயங்காலம் ஆனது. கடைசி டிராயிங்கும் வேறொரு திரையில் சரியாகத் திறந்ததைப் பார்த்த பிறகுதான், நிறுத்தலாம் என்று தலையாட்டினேன்.

முதலாளிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. “இன்னொருக்கா ஓட்டிக் காமிங்க தம்பி” என்றார்.

இன்ஜினியர் கரண்ட் கொடுத்தார். சத்தம் இல்லை. மணிக்கட்டைத் திருப்பினார். மறுபடி சூடு காட்டித் திருப்பினார். அந்த டிஸ்க் அதற்குப் பிறகு அசையவே இல்லை.

முதலாளி அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நகல் முடியும்வரைதான் அது ஓடியிருக்கிறது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நகல் எடுத்த கம்ப்யூட்டர்களின் இரைச்சலுக்குக் காது கொடுத்தேன்.