ஒலீட்டாவின் கவிழ்ந்த தட்டு

பத்திரிகைக்காரர்கள் எங்கள் ஓக்லஹோமா மேட்டுநிலத்துக்குப் ‘புழுதிக் கிண்ணம்’ என்று பெயர் வைத்தார்கள். கிண்ணம் என்றால் உள்ளே சாப்பிட ஏதாவது இருக்க வேண்டாமா? எங்களுக்கு இருந்தது மண்தான். அதனால் மேஜையில் தட்டுகளைக் கவிழ்த்தே வைப்போம். சாப்பாடு வந்த பிறகுதான் நிமிர்த்துவோம்.

என் பக்கத்துப் பண்ணைக்காரி ஒலீட்டாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவள் விதைத்த கோதுமையைக் காற்று மூன்று முறை அள்ளிக்கொண்டு போனது. நான் காற்றை வாய் வலிக்கத் திட்டுவேன். அவளோ மேகத்தைப் பார்ப்பதுபோல் புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் விர்ஜில் மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அவனைக் கட்டிக்கொள்ள அவளுக்குக் கொள்ளை ஆசை. அவன்தான் வாயே திறக்க மாட்டான். 1935-ஆம் வருடம் ஏப்ரலில் வேலை தேடிக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்ப முடிவு செய்தான். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு நானும் அங்கே இருந்தேன்.

அவரைக்கொட்டை அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வடக்கே கறுப்பாக ஒரு சுவர் எழுந்து வந்தது. ஜன்னல்களில் ஈரப் போர்வையைக் கட்டினோம். நடுப்பகல் இருண்டுபோய், என் கையே எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோம். மேஜையில் தட்டுகள் கடகடவென்று ஆடின. அடுப்பை யாரும் நினைக்கவே இல்லை.

காற்று தணிந்ததும் விர்ஜில் எழுந்தான். “நீ ஒண்ணும் சொல்லலையே?” என்றான்.

“சொல்ல என்ன இருக்கு? பத்திரமா போயிட்டு வாங்க.”

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை மேஜையைத் துடைக்க அவள் தன் தட்டைத் தூக்கினாள். விரிப்பு முழுக்கப் பழுப்பு. தட்டு இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம். அதன் நடுவே, செப்புக் குழாயை அரத்தால் ராவிச் செய்த மோதிரம். அவன் ஊரைவிட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

புழுதி உரசிக் காற்றில் மின்சாரம் ஏறுகிற காலம் அது. கை குலுக்கினால் ஆளையே தூக்கிப்போடும். அதைத் தரைக்கு இறக்க எல்லாக் கார்களுக்கும் பின்னால் ஒரு சங்கிலி இழுபட்டுக்கொண்டே போகும். புதுப் புழுதியில் விர்ஜிலின் சங்கிலி இழுத்த கோடு கிடந்தது. ஒலீட்டா அதன்மேல் நடந்தாள். வேலி எல்லாம் புதைந்துவிட்டது. வானம் எது, நிலம் எது என்று தெரியவில்லை. காலடிச் சத்தம்கூட இல்லை. தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள். பயமே இல்லையாம், கோடு அழிந்துவிடுமோ என்பது மட்டும்தான் பயமாம்.

நான்கு மைல் தாண்டி, புழுதி அடைத்த எஞ்சினைத் துடைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

“சாப்பாடே வரலையே, தட்டை எப்படித் திருப்புவேன்?” என்றாள்.

“இருட்டுல தட்டுச் சத்தம் கேட்டுது. நீ பாத்துட்டேன்னு நெனச்சேன்.”

“அது காத்துங்க. என்னைக்காவது வாயத் திறந்து கேட்டா என்ன கொறஞ்சிடும்?”

அவன் கை நீட்டினான். பழக்கத்தில் உடனே இழுத்துக்கொண்டான். அவள் எட்டிப் பிடித்தாள். நீலமாக ஒரு பொறி தெறித்தது. இரண்டு பேரும் துள்ளினார்கள். ஆனாலும் அவள் கையை விடவில்லை.

கலிஃபோர்னியாப் பயணம் அப்படியே நின்றுபோனது. பிறகு மழை வந்தது, புல் வந்தது, ஊரே தட்டை நிமிர்த்தியது. அவர்கள் வீட்டில் ஒலீட்டாவின் தட்டு மட்டும் கவிழ்ந்தே இருக்கும். அடியில் தினமும் ஏதாவது வைத்திருப்பான் அந்த ஊமை மனுஷன். காடை இறகு, ஒரு பொத்தான், சோளமணி. அவள் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். பதினெட்டு வருடம்.

விர்ஜில் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவள் தட்டு கவிழ்ந்திருந்தது. அவரைக்கொட்டையும் சோளரொட்டியும் வந்தன. மெதுவாகத் திருப்பினாள். அடியில் ஒன்றுமில்லை.

“இன்னிக்கும் மறந்துட்டாருடி,” என்றாள்.

அவள் எனக்கு ரொட்டியை எடுத்து வைத்தாள்.