பெரம்பூர் பக்கம்

எந்த ஏரியா என்று கேட்டால் நீங்கள் பட்டென்று சொல்லிவிடுவீர்களா? சொல்லிவிடுவீர்கள் என்றால் நீங்கள் அநேகமாக அடையாறு. நான் எண்ணூர். காலேஜில் மைக் கிடைத்தால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு வாய் எனக்கு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாய் வேறு எங்கேயோ போய்விடும்.

பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் சும்மா சுற்றினேன். அப்புறம்தான் மெடிக்கல் கோடிங். தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுவார். அது சார்ட் என்ற பெயரில் கிண்டியில் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். நாங்கள் படித்துப் பார்த்து, எந்த நோய், என்ன சிகிச்சை என்பதற்கான கோடு எண்ணைப் போடுவோம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். இதற்கு ஒரு சர்டிஃபிகேட் பரீட்சை உண்டு. புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். ஆனால் ஒவ்வொரு புத்தகமும் ஹாலோ பிளாக் கல் கனம். எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கைக்கே தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தேடித் தேடியே நேரம் போய்விடும். முதல் தடவை ஊற்றிக்கொண்டது. அடுத்த தடவை பாஸ்.

அப்பா அந்த சர்டிஃபிகேட்டை லேமினேட் பண்ணி டிவிக்கு மேலே மாட்டினார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், பையன் அமெரிக்கா டாக்டர்களுக்கே நம்பர் போட்டுக் கொடுக்கிறான் என்று விளக்கம் வேறு. அவருக்கு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை, நிலக்கரி வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அம்மா அதை வைத்துத்தான் அவர் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு சோற்றைப் போடுவாள்.

கிண்டி கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்த அன்று அப்பா சொன்னார்: "உனுக்கு வேலை பர்மனென்ட் ஆவட்டும் நைனா. மறுநாளே நான் வேலைய வுட்டு நின்னுக்குறேன்."

அவ்வளவுதான் விஷயம். பயிற்சி முடிந்ததும் ஆடிட் வைப்பார்கள். நாங்கள் கோடு போட்ட சார்ட்டுகளில் கொஞ்சத்தை எடுத்துத் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மார்க் வந்தால் பர்மனென்ட். எனக்கு மார்க் வந்தால் அப்பா அந்தப் பெல்ட் பக்கம் போக வேண்டாம்.

முதல் நாள் எல்லோரும் எழுந்து பேர், படிப்பு, ஊர் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பெண் எழுந்து ராயபுரம் என்றாள். பின்னாலிருந்து ஒருத்தன், "அப்போ கத்தி எங்க?" என்றான். ரூமே சிரித்தது. வடசென்னை என்றால் ரவுடி, சினிமா சொல்லிக்கொடுத்த பாடம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மீன் வெட்றதுக்கு வூட்ல கீது. வந்து வாங்கிக்க."

இன்னும் பெரிய சிரிப்பு, இந்தத் தடவை அவனைப் பார்த்து. அடுத்தது நான். எழுந்து நின்று, "பெரம்பூர் பக்கம்" என்றேன். எண்ணூரிலிருந்து பார்த்தால் திருப்பதிகூட ஏதோ ஒரு பக்கம்தான்.

அந்தப் பொய்யைத் தினமும் பராமரிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் ராயபுரத்துக்காரியும் நானும் ஒரே மெட்ரோ. அவள் வண்ணாரப்பேட்டையில் இறங்க வேண்டும், நான் கடைசிவரை, விம்கோ நகர் வரை போக வேண்டும். ஆனால் பெரம்பூர்க்காரன் சென்ட்ரலில் இறங்கி எலக்ட்ரிக் டிரெயின்தானே பிடிப்பான்? அதனால் தினமும் சென்ட்ரலில் இறங்குவேன், டாட்டா காட்டுவேன், தூணுக்குப் பின்னால் நிற்பேன், அடுத்த வண்டியில் ஏறுவேன். விம்கோ நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ. இவ்வளவு கஷ்டப்பட்டு யாரை ஏமாற்றினேன் பாருங்கள், ஊர் பேரைச் சொல்லிவிட்டு ஹாயாக உட்கார்ந்துவிட்ட ஒருத்தியை.

ஆடிட்டுக்குப் போன சார்ட்டுகளில் ஒன்று ஒரு வயதானவருடையது. பல மாதமாக இருமல். குடும்ப விவரம் எழுதுகிற இடத்தில், வீடு மின் நிலையத்துக்கு எதிரில், ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறார் என்று இருந்தது. டாக்டர் முடிவாக எழுதியது 'நாள்பட்ட இருமல்', அவ்வளவே. நான் இருமலுக்கு உண்டான கோடு எண்ணைப் போட்டேன். கூடவே, காற்று மாசுக்கு ஆளானவர் என்று ஒரு கோடு இருக்கிறது, அதையும் போட்டேன். யோசித்தெல்லாம் போடவில்லை. மின் நிலையம், மூடின ஜன்னல், இருமல். எங்கள் தெருவில் வெள்ளைச் சட்டையை யாரும் வெளியில் காயப்போட மாட்டார்கள், சாம்பல் படியும். வேறு என்னவாக இருக்க முடியும் என்றுதான் தோன்றியது.

கோடிங்கில் முதல் பாடமே அதுதான்: டாக்டர் எழுதாதது நடக்கவே இல்லை. நமக்குத் தெரியும் என்பதெல்லாம் கணக்கில் கிடையாது.

ஆடிட்டர் சார் அந்த சார்ட்டை ப்ரொஜெக்டரில் போட்டார். பேட்ச் முழுக்க உட்கார்ந்திருந்தது.

"இந்த ரெண்டாவது கோடு எங்கேர்ந்து வந்துச்சு? டாக்டர் எழுதியிருக்காரா?"

"பவர் பிளான்ட்டுக்கு எதிர்ல வீடுன்னு போட்ருக்கு சார்."

"எங்க சித்தி வீடு தியேட்டருக்கு எதிர்ல. அவங்க நடிகையா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் கேவலம். அவர் மோசமானவர் இல்லை. சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கிச் சொன்னார், இந்த ஒரு சார்ட்தான் இடிக்கிறது, மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று.

"ஜன்னலை மூடினா மாசுதான்னு எப்படி முடிவு பண்ணே? காரணம் இருந்தா சொல்லு. நியாயமா பட்டா வார்னிங்கோட விட்டுடலாம்."

எங்கள் வீட்டு ஜன்னலும் மூடித்தான் இருக்கும் சார் என்று ஒரு வரி. நான் எண்ணூர் சார், எங்கப்பா கரி பெல்ட்டில் வேலை செய்கிறார் என்று இன்னொரு வரி. இரண்டு வரிதான். ரூமில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கத்தி எங்கே என்று கேட்டவன் உட்பட.

"சும்மா கெஸ் பண்ணேன் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போனார். பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். பேட்சில் நான் ஒருத்தன் மட்டும்.

கேன்டீனில் ராயபுரத்துக்காரி எனக்கு எதிரில் டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க மாமா வூடு எர்ணாவூர்ல கீது. உன்ன எண்ணூர் ஷேர் ஆட்டோல எத்தினி தபா பாத்துகீறேன் தெரியுமா?"

நான் டீ மேல் படிந்த ஆடையை ஒதுக்கினேன்.

"பொண்ணு எதுனா பாக்க சென்ட்ரல்ல எறங்குறியோன்னு நெனச்சேன். இன்னிக்குதான் புரிஞ்சுது. சொல்லிகினா இன்னாடா ஆயிருக்கும்? கெஸ்ஸாம். உங்க அப்பாரு இருமுறது கெஸ்ஸா?"

அப்பாவைப் பற்றி அவளிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். ஊரை மறைத்தவன் அவர் இருமலை மட்டும் ஏதோ ஒரு நாள் உளறியிருக்கிறேன். அவள் டீயைக் குடித்து முடித்து, என் கப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு சென்ட்ரலில் இறங்கவில்லை. அதற்காக எதுவும் மாறிவிடவும் இல்லை.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு ரிசல்ட் என்று அவருக்குத் தெரியும். குளித்துத் தலை சீவியிருந்தார், அந்த ஆள் தலை சீவுவதே கல்யாணத்துக்குப் போகிறபோதுதான்.

"இன்னா நைனா, ஆச்சா?"

கம்பெனியில் சிஸ்டம் மாற்றுகிறார்கள், எல்லோருக்குமே லேட் ஆகும் என்றேன். வாயில் எப்படித்தான் வருகிறதோ. அங்கே ஊரை மறைக்கப் பொய், இங்கே அந்தப் பொய்யை மறைக்க ஒன்று.

"அதனால இன்னா, வுடு" என்றார். "மேஸ்திரி ஆள் இல்லாம பேஜாரா கீறான். இன்னும் கொஞ்ச நாளு வேலைக்கு வர்றேன்னு சொல்லிடுறேன்."

மேஸ்திரிக்குப் போன் போட்டார். பேச்சுக்கு நடுவில் இருமல் வந்தது, போனை மார்பில் வைத்து அமுக்கிக்கொண்டு இருமி முடித்துவிட்டு மறுபடி பேசினார். பையனுக்கு வேலையெல்லாம் சூப்பராகப் போகிறது, சிஸ்டம் மாத்துறாங்களாம் என்று அவனிடமும் சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இதை லஞ்ச் டைமில் கிண்டியில் உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அப்பா பகல் ஷிஃப்டில் இருக்கிறார்.