சம்பந்தி வாசித்த அக்ரிமெண்ட்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஓர் அக்ரிமெண்ட் போட உட்கார்ந்தோம். உச்சிப்புளிப் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்ட. காண்ட்ராக்டர் வேறு யாருமில்லை — என் சம்பந்திதான்.

சம்பந்தி நீட்டுகிற பத்திரத்தை அவர் முகத்துக்கு நேரே படிப்பதா? 'உங்களை நம்பவில்லை' என்று சொன்ன மாதிரி ஆகாதா? மகள் வாழ்வது அவர் வீட்டில் அல்லவா? பேனா மூடியைக் கழற்றினேன்.

"போடுங்க சம்பந்தி. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும்."

அடுக்களை வாசலிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணே, நிச்சயத்தன்னைக்கு லக்னப் பத்திரிகையைச் சபையில சத்தமா வாசிச்சோம்ல? இதுவும் நல்ல காரியந்தான. உங்க வாயாலயே வாசிங்க."

நல்ல காரியம் என்றபின் மறுக்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அஸ்திவாரம், சுவர், தேக்கு நிலை... எல்லாம் மந்திரம் மாதிரி மணியாக வந்தது. கடைசியில் ஒரு வரிக்கு மட்டும் குரல் இறங்கிவிட்டது.

"அது கேக்கலையேண்ணே."

"வழக்கமா எழுதுறதுதான் தங்கச்சி... கட்டடத்துக்கு நல்ல தண்ணி வீட்டுக்காரர் பொறுப்பு."

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். அதில் சுண்ணாம்பு குழைத்தால் சுவர் உப்புப் பூத்து உதிரும். நல்ல தண்ணீருக்கு ஊருணிக்குத்தான் நடக்க வேண்டும். குடம் ஏறுவது வீட்டுக்காரர் இடுப்பில் அல்ல, வீட்டுக்காரி இடுப்பில். ஒரு வீட்டுக்கான தண்ணீரை அவள் சுமந்தால், குடிபோகும் நாளில் அவளைத்தான் சுமந்து போக வேண்டியிருக்கும்.

"இவுக ஒரு குடம் தூக்குனா மூணு நாள் படுத்துக்கிருவாக. நீங்களே வண்டியில பீப்பாய் வச்சு அடிச்சிருங்கண்ணே."

"இங்கன எல்லாரும் இப்பிடித்தான் தங்கச்சி எழுதுறாக..."

"உங்க மருமக பிள்ளைப்பேறுக்கு வந்து படுக்கப்போற வீடுண்ணே. உங்க பேரன் மேல சுவரு உதிரலாமா?"

சம்பந்தி அந்த வரியை அடித்தார். 'தண்ணீர் காண்ட்ராக்டர் பொறுப்பு' என்று எழுதினார். நான் மறுபடி பேனாவை எடுத்தேன். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஆனால் அவர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு வாரேன் சம்பந்தி. வீட்டுல வச்சு நிதானமா ஒருக்கா படிச்சுப் பாத்துக்கிறேன்."

அவரே எழுதிய பத்திரம்!

சொன்னபடி மறுநாள் வந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் சத்தமாக வாசிக்கச் சொன்னார் — இந்தத் தடவை என்னை.

வாசித்தேன். அப்போதுதான் நானும் அதை முதன்முதலாகப் படித்தேன்.